காத்தாபீசு சொன்ன காற்று

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தேக்கைத் தன் வீட்டு மரம் என்றுதான் மோகன்குமார் நாற்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான். அது மரம் அல்ல, ஆவணம் என்பதை ஜீப்பில் வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

துடியலூரிலிருந்து மேற்கே தடாகம் போகிற வழியில் அவனுடைய ஓட்டு வீடு. முன்பக்கம் பட்டறை. எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். மனைவி கோகிலவாணி, எட்டாவது படிக்கும் மகள் ரித்திகா. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ரித்திகாவின் அறை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தேக்கு.

ஜீப் கிளம்பி வந்த இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடம். 'வெப்பமண்டலத் தொல்வளிச் சுழற்சி மீட்டுருவாக்க உயராய்வு மையம்' என்ற பெயர்ப் பலகை அதன் வாசலைவிட நீளம். டவுன் பஸ் கண்டக்டர்கள் 'காத்தாபீசு' என்று கூவி ஆளை இறக்கினார்கள். மையத்தார் இதைக் கண்டித்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதினார்கள். பதில், 'காத்தாபீசு அவர்களுக்கு' என்று விலாசமிட்டு வந்தது.

முதல் நாள் வந்தவர்கள் மரத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு துளை போட்டு, உள்ளிருந்து ஒரு குச்சியை உருவி எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் சாய்ப்ரியா என்ற இளம் ஆராய்ச்சியாளரும் இருந்தாள். சிங்காநல்லூர்ப் பெண். பூதக்கண்ணாடியை மோகன்குமாரின் கையில் கொடுத்துக் குச்சியைக் காட்டினாள்.

"அகலமா இருக்கற வளையம் மழை நல்லாப் பேஞ்ச வருசமுங்கண்ணா. மலையோரத்துக்கு மழையக் கொண்டாறது மேக்காலக் காத்து. காத்து கொறஞ்சா மழை கொறையும், மழை கொறஞ்சா வளையம் மெலியும். இங்க பாருங்க, நூலாட்டம் இருக்குதில்லீங்களா? இதுதான் தாது வருசப் பஞ்சம்."

மோகன்குமார் அந்த நூலை வெகுநேரம் பார்த்தான். ஊரில் தாது வருசம் என்று சொல்லக் கேட்டிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்முறை. எத்தனை சனம் செத்திருக்கும் இந்த நூலுக்குள் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்த ஒரு மரத்த வெச்சே எல்லாம் சொல்லிருவீங்களா அம்மணி?"

"ஒண்ணு பத்தாதுங்க. கடல்ல இருக்கற பவளம், குகையில சொட்டிச் சொட்டிச் சேர்ந்த சுண்ணாம்பு, ஏரியோட அடிச்சேறு, எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் அந்தக் காலத்துக் காத்து எப்படிச் சுத்துச்சுன்னு கொஞ்சம் தெரியும். அதுலயும் தப்பு வரும். நாங்க பாத்துப் பாத்துத்தானுங்க சொல்லோணும்."

இவ்வளவு அடக்கமாக அந்த மையத்திலிருந்து யாராவது பேசிக் கேட்டது அதுவே கடைசி.

அடுத்த வாரம் மஞ்சள் பலகை நட்டார்கள். 'தேசியத் தொல்காற்று ஆவணம். தொடாதீர். சாயாதீர். நீரூற்றாதீர்.' மரத்தைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, சாய்வை அளக்க ஒரு கருவியும் பொருத்தினார்கள். பிறகு சுற்றறிக்கைகள் வரத் தொடங்கின. குளிக்கும் தண்ணீர் வேர்ப்பக்கம் போகக் கூடாது. துணிக்கொடியை அவிழ்க்க வேண்டும். ரித்திகாவின் ஊஞ்சல் கிளைக்கு வரலாற்றில் இல்லாத பாரத்தைத் தருகிறது. பட்டறையில் மோட்டார் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் மையத்துக்குத் தகவல் தர வேண்டும். கடைசியாக வந்த சுற்றறிக்கை சொன்னது: 'ஆவணத்தின் அருகில் குடியிருக்கும் குடும்பம் இரைச்சல் என வகைப்படுத்தப்பட்டுள்ளது.'

கோகிலவாணி அதை இரண்டு தரம் படித்தாள். "நாம அப்படி என்னங்க சத்தம் போட்டுப்போட்டோம்?"

மோகன்குமாருக்குச் சத்தம் வேறு இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. கார்த்திகை மழையில் மண் இளகி, ஏற்கெனவே கிழக்கே சாய்ந்திருந்த தேக்கு இன்னும் சாய்ந்துவிட்டது. மேற்குப் பக்கம் வேரடியில் மண் பிளந்து, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. சித்திரையில் கோடைக்காற்று அடித்த ஒரு மாலை, அந்த வெடிப்பு வாயைத் திறந்து மூடுவதை அவன் பார்த்தான். மூடும்போதெல்லாம் அடியிலிருந்து முனகல் வந்தது. அன்றைக்கே ரித்திகாவின் கட்டிலைத் தூக்கிப் பட்டறையில் போட்டான். ஆனால் மரம் விழுந்தால் அந்த ஓர் அறையோடு நிற்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோடைக்காற்று மாதிரி விளையாட்டுக்கு அடிப்பதில்லை.

கிளைகளைக் கழிக்க அனுமதி கேட்டு மையத்துக்குப் போனான். இயக்குநர் டாக்டர் நஞ்சுண்டன் அவனை உட்காரச் சொன்னார். ஜன்னல் திறக்க முடியாத அறை. காற்றாடிகூட இல்லை.

"ஆடிக் காத்து வந்தா மரம் ஊட்டு மேல உழுந்துருமுங்க. கொம்ப மட்டும் கழிச்சுக்கறேனுங்க."

"மிஸ்டர் மோகன்குமார், இந்த வருடக் காற்று வானிலைத் துறையைச் சேர்ந்தது. நூறு வயது நிரம்பாத காற்றை நாங்கள் காற்றாகவே எடுத்துக்கொள்வதில்லை."

"உழுந்தா எங்க தலைமேலதானுங்க உழும்."

"விழட்டும் என்று நான் சொல்லவில்லை. விழுந்தால் அதற்கான கட்டமும் எங்கள் படிவத்தில் இருக்கிறது. கிளையைக் கழித்தால் கட்டம் இல்லை." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மரத்தின் சாய்வே இரண்டு நூற்றாண்டுக் காற்றின் கையெழுத்து. கையெழுத்தில் நீங்கள் பாதியை வெட்டிவிட்டால் யார் கையெழுத்தென்று சொல்வது?"

மோகன்குமார் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். பட்டறையில் கனமான எஃகுக் கயிறு கிடந்தது. கரண்ட் கம்பத்துக்கு இழுகம்பி கொடுக்கிற மாதிரி மரத்தின் நடுத்தண்டிலிருந்து மேற்கே இழுத்து, பாறையில் இரும்பு முளை அடித்து, நடுவில் முறுக்கித் திருகும் கொக்கி ஒன்றைக் கோத்தான். கயிறு இலைமறைவில் போனது. கீழ்ப்பகுதியில் கொடிகளைப் படரவிட்டான். தினமும் விடிகாலையில் பட்டறையைத் திறக்கும் முன்னால் கொக்கியை ஒரு திருகு திருகுவான். மரம் மெல்ல, மிக மெல்ல, மேற்கே நிமிர்ந்தது. ஒவ்வொரு திருகுக்கும் கயிறு வீணைத் தந்தி மாதிரி விம்மும். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆவணத்தைச் சேதப்படுத்தினால் சிறை என்று மஞ்சள் பலகையின் அடியில் எழுதியிருந்தது.

வைகாசிக் கடைசியில் ஜீப்புகள் வரிசையாக வந்தன. அவன் கையில் இருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. நஞ்சுண்டன் இறங்கி வந்து, அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கள் அதிர்ஷ்டசாலி. சரித்திரம் உங்கள் கொல்லையில் திரும்பியிருக்கிறது."

சாய்வுமானி காட்டியது இதுதான்: இருநூறு வருடமாகக் கிழக்கே தள்ளப்பட்ட மரம் இப்போது மேற்கே நகர்கிறது. ஆகவே தள்ளும் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே மேலைக்காற்று ஓய்ந்து, வெப்பமண்டலத்தின் காற்றுச் சுழற்சியே திசை மாறிவிட்டது. இப்படி ஒருநாள் நடக்கும் என்று நஞ்சுண்டன் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். நடந்துவிட்டது.

சாய்ப்ரியா மட்டும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்துப் பிடித்தாள். அது கிழக்கே பறந்தது. நஞ்சுண்டன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கைக்குட்டையை வைத்து ஒரு மையம் இயங்க முடியாது, டாக்டர்."

அந்த வாரமே மாவட்டம் முழுக்க அறிவிப்பு வந்தது. வாழைக்குக் கொடுக்கும் முட்டுக்கட்டைகளை இந்தப் பருவத்திலிருந்து பக்கம் மாற்றி நட வேண்டும். மேற்கிலிருந்து காற்று தள்ளும் என்று இதுவரை கிழக்கில் முட்டுக் கொடுத்தவர்கள், இனி மேற்கில் கொடுக்க வேண்டும். மையத்தின் ஆட்கள் தோட்டம் தோட்டமாக வந்து பார்ப்பார்கள்.

கோகிலவாணியின் அண்ணன் பாலுசாமி தடாகத்துப் பக்கம் நேந்திரன் போட்டிருந்தார். குலை தள்ளிய வாழைகள். மோகன்குமார் போனபோது அவர் ஆட்களை வைத்து முட்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நிறுத்துங்க. காத்தாபீசு சொன்னது பொய்யிங்க."

"படிச்சவிய சும்மா சொல்லுவாங்களா மாப்ள? உங்கூட்டு மரமே திரும்பிருச்சாமா."

"அது திரும்பலீங்க. நாந்தான் கயிறு கட்டி இழுத்துப்போட்டேன்."

பாலுசாமி கையில் இருந்த சவுக்குக் கம்பைக் கீழே வைத்தார். "நீ இழுத்ததுக்கு என்ற தோட்டம் சாயோணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட மோகன்குமாருக்குத் தாங்கியிருக்கும்.

"செயிலுக்குப் போனாலும் பரவால்லீங்க. நா போயிச் சொல்லிப்போடறேன்."

மறுநாள் மையத்தில் அவனுடைய வாக்குமூலத்தைக் கேட்க உயர்நிலைக் குழு கூடியது. நீள மேசை. எல்லார் முன்னாலும் முந்திரி வைத்த தட்டு. கடைசி நாற்காலியில் சாய்ப்ரியா.

"கருவி பொய் சொல்லாது" என்றார் நஞ்சுண்டன்.

"கருவி பொய் சொல்லலீங்க. மரம் நெசமாலுமே மேக்க வந்துதுங்க. இழுத்தது நானுங்க."

"எதற்காக இழுத்தீர்கள்?"

"ஊட்டு மேல உழுகாம இருக்கோணும்னுதானுங்க."

"ஏன் விழும்?"

"மேக்காலக் காத்து தள்ளுமுங்க."

நஞ்சுண்டன் குழுவைப் பார்த்துத் திரும்பினார். "கவனித்தீர்களா? மேலைக்காற்று ஓய்ந்துவிட்டதாக நாம் அறிக்கை கொடுத்துவிட்டோம். ஓய்ந்துபோன காற்றுக்குப் பயந்து ஒருவர் மரத்தை இழுக்க முடியாது. ஆகவே இவர் இழுக்கவில்லை."

"கயிறு அங்கயே இருக்குதுங்க. வந்து பாருங்க."

"இருக்கலாம். மனிதனும் இயற்கையின் ஒரு பகுதிதான். கீழைக்காற்று நேரடியாகவும் மரத்தைத் தள்ளும், ஒரு மனிதனைக் கொண்டும் தள்ளும். எந்த வழியாகத் தள்ளியது என்பது சிறு விவரம்."

சாய்ப்ரியா எழுந்தாள். "சார், அவர் சொல்றதை நாம எழுதிக்கணும். அறிவிப்பைத் திரும்ப வாங்கணும். குலை தள்ளின வாழை சார்."

"திரும்ப வாங்கலாம், அம்மா. ஆனால் வெளிநாட்டு அறிஞர்கள் ஆடியில் மரத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வந்து போகும் வரைக்கும் காற்று கிழக்கிலிருந்துதான் வீசியாக வேண்டும்." சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது போலிருந்தது. ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

குழு தீர்மானம் நிறைவேற்றியது. மோகன்குமார் மீது குற்றமில்லை. ஆனால் கயிறு அனுமதி பெறாத பொருள். அறிஞர்கள் வருமுன் அகற்றப்பட வேண்டும். சாய்ப்ரியா அன்றோடு கோப்பு அறைக்கு மாற்றப்பட்டாள்.

"கயித்த அவுத்தா ஊடு போயிருமுங்க. என்ற கையால நா அவுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மோகன்குமார் எழுந்து வந்தான். காத்தாபீசில் அவன் 'மாட்டேன்' என்று சொன்னது அப்போதுதான் முதல்முறை.

பாலுசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முட்டுகளை எண்ணிப் பார்த்தார். கடைசியில் பாதித் தோட்டத்துக்கு மையம் சொன்ன பக்கமும், பாதிக்குத் தனக்குத் தெரிந்த பக்கமும் முட்டுக் கொடுத்தார். "வந்து பாக்கறவியளுக்கும் மரியாத குடுக்கோணுமில்ல" என்றார். அவருடைய மரியாதை ரோட்டோரப் பாதியில் நின்றது.

ஆடி பிறந்தது. காற்று வந்தது. ஓடுகளுக்குள் புகுந்து ஊளையிட்டது. பட்டறைத் தகரம் நாள் முழுக்கத் தடதடத்தது. மோகன்குமார் கோகிலவாணியையும் ரித்திகாவையும் பாலுசாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினான். கயிறு இப்போது விம்மவில்லை, கிறீச்சிட்டது.

அறிஞர்கள் வந்த அன்று கொல்லையில் நாற்காலிகள் போட்டார்கள். எந்தப் பக்கம் போடுவது என்பதை மையமே தீர்மானித்திருந்தது. கீழைக்காற்றில் மரம் விழுந்தால் மேற்கே விழும். எனவே கிழக்கு பத்திரம். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், ரித்திகாவின் அறைச் சுவரோரம், மூன்று வரிசை. விருந்தினர்களின் தலைமுடி எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே பறந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒலிபெருக்கியில் நஞ்சுண்டனின் குரலைக் காற்று வாரிக்கொண்டு போனது.

மோகன்குமார் அவிழ்க்க மறுத்த கயிற்றை எடுத்துவிட, மையத்தில் இரும்பு வேலை பார்க்கும் பிட்டர் ஸ்பேனரோடு போய்க் கொக்கியருகே குந்தினார்.

"வேண்டாமுங்க" என்று மோகன்குமார் அவர் கையைப் பிடித்தான். "பொறுங்க. முன்னால இத்தன பேர் உக்காந்திருக்காங்க."

"ஆர்டருங்க. நான் என்ன பண்றது?" பிட்டர் கையை விடுவித்துக்கொண்டார்.

முதல் திருகில் மரம் அசைந்தது. மோகன்குமார் நாற்காலிகளை நோக்கி ஓடினான். "எந்திரிங்க, தள்ளிப் போங்க" என்றான். அறிஞர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் அவனை இரைச்சல் என்று அறிந்திருந்தார்கள். ஒருவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அப்போது ரோட்டுப் பக்கம் பந்தலில் இலை போடும் பொறுப்பில் விடப்பட்டிருந்த சாய்ப்ரியா ஓடிவந்தாள். மரத்தைப் பார்த்தாள், மோகன்குமாரின் முகத்தைப் பார்த்தாள். நேரே ஒலிபெருக்கிக்குப் போய், நஞ்சுண்டனின் கையிலிருந்து அதை வாங்கி, இரண்டு மொழிகளிலும் சொன்னாள்: "டிபன் ரெடி. போண்டா சூடா இருக்கு. எல்லாரும் உடனே பந்தலுக்கு வரணும்."

மூன்று வரிசையும் ஒரே நேரத்தில் எழுந்தது. அந்த மையத்தில் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறிய தீர்மானம் வேறில்லை.

நஞ்சுண்டன் மட்டும் நின்றார். உரையில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கியிருந்தது. பின்னால் கயிறு தெறித்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. மோகன்குமார் அவர் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தான். தேக்கு அவசரப்படாமல் வந்தது. முதலில் நாற்காலிகள், பிறகு ரித்திகாவின் அறை, பிறகு சமையல்கட்டு, நடுவீடு. ஓடுகள் உதிர்ந்து அடங்க வெகுநேரம் ஆனது. வீட்டின் நடுவில் வானம் தெரிந்தது.

மோகன்குமார் மண்ணில் உட்கார்ந்து அதையே பார்த்தான். பக்கத்தில் நஞ்சுண்டன் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். வேர் பிடுங்கிக் கிடந்த அடிமரத்தை நெருங்கித் தொட்டார்.

"எல்லா வளையங்களோடும் முழு வட்டும் கிடைத்துவிட்டது" என்றார். "வெட்ட அனுமதி இல்லாமல் எத்தனை நாள் தவித்தோம்."

மரம் ஏன் கிழக்கே விழுந்தது என்று ஓர் அறிஞர் போண்டாவும் கையுமாக வந்து கேட்டார். தன்னைத் தள்ளும் காற்றை நோக்கி முதிர்ந்த மரங்கள் வணங்கி விழுவது உண்டு என்று நஞ்சுண்டன் விளக்கினார்.

அந்தக் காற்றில் பாலுசாமியின் தோட்டத்தில் ரோட்டோரப் பாதி படுத்துவிட்டது. தரையில் கிடந்த குலைகளின் நடுவே அவர் நின்றார். மோகன்குமார் பக்கத்தில் போய் நின்றபோது, "சாஞ்சத ஓரமா இழுத்துப் போடலாம், வா மாப்ள" என்றார். இரண்டு பேருமாகப் பொழுது சாயும்வரை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் மையத்தின் ஆட்கள் வந்து நின்றிருந்த பாதியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 'மையத்தின் அறிவுரையால் காப்பாற்றப்பட்ட தோட்டம்' என்று அது பேப்பரில் வந்தது.

ஒரு வாரம் கழித்து நஞ்சுண்டன் வந்தார். கோகிலவாணி உடையாத ஓடுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க, மோகன்குமார் சுவர்மேல் உட்கார்ந்து மூங்கில் சட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். மலைமேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"உங்கள் வீட்டைச் சரிசெய்ய மையம் உதவத் தயாராக இருக்கிறது" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். "இதில் ஒரு கையெழுத்து மட்டும்."

கோகிலவாணி வாங்கி வாசித்தாள். 'சம்பவ நாளில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசியதை நான் என் கண்ணால் கண்டேன்.' அவ்வளவுதான். அவள் புருசனை அண்ணாந்து பார்த்தாள். மகளுக்குப் படுக்க இடமில்லை. மழைக்குள் பாதிக்கூரையாவது ஏற வேண்டும்.

மோகன்குமார் இறங்கி வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினான், பேனாவையும் வாங்கினான். பேனா மூடியைக் கழற்றியவன் என்ன நினைத்தானோ, காகிதத்தை நஞ்சுண்டனிடமே திருப்பிக் கொடுத்தான்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காயிதத்தச் சித்த நேரம் மேல தூக்கிப் புடிச்சு வெரல உட்டுருங்க. மேக்க பறந்துச்சுன்னா நா ஓடிப்போய் எடுத்தாந்து கையெழுத்துப் போட்டுத் தாரேனுங்க."

கோகிலவாணி பொறுக்கிய ஓட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சுண்டன் காகிதத்தைப் பார்த்தார். அதன் ஓரம் படபடவென்று கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. "பரிசோதனைகள் எங்கள் மையத்தின் வரம்பில் இல்லை" என்றார். பிறகு அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு பக்கமாகவே நடந்து ஜீப்புக்குப் போனார். டிரைவர் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்ட பிறகுதான் ஒரு கையை எடுத்தார்.

"ஓட்டக் குடு" என்று மனைவியிடம் சொல்லி மோகன்குமார் சுவர்மேல் ஏறினான்.